ஏழாவது ஆணி

1

இந்தக் கதை எனக்கு ஃப்ளோராவின் சமையலறையில் கிடைத்தது. போன டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி, மத்தியானம் மூன்று மணி இருக்கும். இருவரும் கல்கலா உருட்டிக்கொண்டிருந்தோம். மைதா மாவைக் கிள்ளி, முள்கரண்டியின் முதுகில் அழுத்தி இழுத்தால் சின்னச் சங்கு மாதிரி சுருண்டுகொள்ளும். எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்ட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வந்து தங்குகிறவர்களுக்கு அறைக்கு ஒரு டப்பா வைப்பது ஃப்ளோராவின் ஏற்பாடு.

எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். முகம் வராது, இடம் வராது. யாரோ யாரிடமோ எதையோ சொல்வார்கள், நான் எழுதிக்கொள்வேன், பிறகுதான் சொன்னது யார் என்று தேடிப் போவேன். எழுபத்தொரு வயதில் வேறு பழக்கம் ஏற்படாது. அன்று வந்தது இது:

"இன்னா, ஆறு தட்டுதான் கீது?"

"ஆறு பேருதானே தங்க வர்றாங்க."

"அப்ப எனுக்கு?"

கேட்கிறவர் ஒரு ஆண். பதில் சொல்வது ஒரு பெண். நல்ல ஆரம்பம் என்று மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தேன். இரண்டு வரிகள் எழுதினேன். மூன்றாவதை எழுதுமுன், எனக்கு முதுகைக் காட்டி அடுப்படியில் நின்றிருந்த ஃப்ளோரா கையை நீட்டி, அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வெச்சுட்டேன், வெச்சுட்டேன்," என்றாள். என்னிடம் அல்ல.

நான் வாயே திறக்கவில்லை. அந்த மூன்று வரிகளும் என் தலைக்குள் நடந்தவை.

(தலைக்குள் என்றுதான் ஐம்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘கோரமண்டல் ஸ்டேஷனில் காலை வண்டியிலிருந்து இறங்கிய பெரியவரைப் பனி மூடியிருந்தது. அவர் சட்டைப் பையில் ஒரு’

அடித்துவிட்டேன். பனியும் பெரியவரும் சேர்ந்து இறங்கினால் அடுத்து என்ன வரும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தவிர, அது பொய். நிஜத்தில் அந்தப் பெரியவர், சௌந்தரராஜன், ரயிலில் வரவில்லை. பெங்களூரிலிருந்து வாடகைக் காரில் வந்தார். பங்காருபேட்டை தாண்டி ஒருமுறை வாந்தி எடுத்ததாகவும் சொன்னார். பேய்க்கதையில் யாரும் வாந்தி எடுப்பதில்லை. அதனால் அதை வைத்துக்கொள்கிறேன்.

அவர் பின்னால் வரட்டும். முதலில் வீடு.

கோரமண்டலில், முன்பு தங்கச் சுரங்க அதிகாரிகள் இருந்த பங்களா வரிசையில் கடைசி வீடு. அதில் இருந்த அம்மாள் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது, தனக்குச் சமைத்துப் போட்ட ஃப்ளோராவின் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஃப்ளோராவின் மகள் ஸ்வீட்டி பெங்களூரில் வேலை செய்கிறாள். அவள்தான் வெள்ளையடித்து, ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ என்று பலகை மாட்டி, இன்டர்நெட்டில் போட்டாள். டிசம்பரில் இடம் கிடைக்காது. இங்கே பிறந்து வெளிநாடு போனவர்கள் பேரப்பிள்ளைகளோடு வந்து, தங்கள் பழைய வீட்டின் மொட்டைச் சுவர் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு, ஃப்ளோராவின் ஆப்பம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

நான் ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிறேன். டிசம்பர் முழுக்க ஃப்ளோராவுக்குக் கைவேலைக்குப் போவேன்.

சமையலறைக்குப் பக்கத்தில், மேசை போட்ட கூடத்துச் சுவரில் ஒரு மரப் பலகை உண்டு. அதுவும் ஸ்வீட்டியின் யோசனை. பலகையில் ஆறு ஆணிகள், ஆறு பித்தளை வில்லைகள். வெளியே போகிற விருந்தாளி தன் வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பியதும் மாட்ட வேண்டும். யாருக்குச் சாப்பாடு மூடி வைக்க வேண்டும் என்று ஒரு பார்வையில் தெரியும்.*

* சுரங்கத்தில் டோக்கன் அப்படித்தான். டைம் ஆபீஸ் ஜன்னலில் உன் எண் போட்ட டோக்கனை வாங்கிக்கொண்டு கேஜில், அந்த இரும்புக் கூண்டில், இறங்குவாய். மேலே வந்ததும் கொடுப்பாய், அது ஆணிக்குப் போகும். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே. வேறு அர்த்தம் கிடையாது.

ஆறு ஆணிகள் என்றேன். ஃப்ளோரா ஏழாவதாக ஒன்று அடித்து வைத்திருந்தாள். அதற்கு வில்லை இல்லை.

"மம்மி, ஏழாவது ஆணி எதுக்கு?"

"இருக்கட்டும்டி."

3

இந்தக் கதையில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஃப்ளோரா. இன்னொருத்திக்கு லதா என்று பெயர் வைக்கிறேன். ஃப்ளோராவின் வீட்டுக்காரர் ஆஷ்லி, லதாவின் வீட்டுக்காரர் செல்வமணி. இருவரும் ஒரே ஷாஃப்டில், ஒரே சுரங்கக் குழியில், வேலை செய்தவர்கள்.

அந்த நாளில் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் கிறிஸ்தவர்களின் ஷிப்டுக்கு இந்துக்கள் இறங்குவார்கள். பொங்கலுக்கு அவர்கள் இவர்களுக்காக இறங்குவார்கள். அனுமதி கிடையாது, எழுத்தில் கிடையாது. மாற்று ஆள் தன் டோக்கனை ஆணியிலேயே விட்டுவிட்டு, யாருக்காகப் போகிறானோ அவன் எண்ணைச் சொல்லி வாங்கிக்கொண்டு இறங்குவான். ஜன்னலில் இருக்கிற கிளார்க் எண்ணைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். அதுவும் வழக்கத்தில் சேர்ந்ததுதான்.

1986 டிசம்பர் 24. காலை ஷிப்ட் ஆஷ்லியுடையது. ஆஷ்லி கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். செல்வமணிக்கு அன்று வேலை இல்லை. "ஒரு வேலை கீது, வந்துடறேன்" என்று அவரும் கிளம்பினார். பத்து மணிக்கு வீட்டுப் பாத்திரமெல்லாம் குலுங்கியது. கீழே பாறை வெடித்து ஒரு லெவலின் சுரங்கப் பாதை மூடிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் எல்லா டோக்கனும் ஆணிக்குத் திரும்பின, ஒன்றைத் தவிர. 714. ஆஷ்லியின் எண்.

தோண்டி எடுக்க முடியாத ஆழம் என்று சுவர் வைத்து அடைத்தார்கள். இருபத்தைந்து வயதில், இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு ஃப்ளோரா விதவையானாள்.

செல்வமணியும் வீடு திரும்பவில்லை. ஆனால் அவர் டோக்கன் ஆணியில் இருந்தது. ஆணியில் டோக்கன் இருந்தால் ஆள் மேலே. மேலே இருந்தும் வீட்டுக்கு வராதவன் ஓடிப்போனவன். எவளோடு, எந்த ஊருக்கு என்று ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் வரைக்கும் பேசினார்கள். லதா ஓடிப்போனவன் பெண்டாட்டி ஆனாள்.

நீங்கள் இதற்குள் யோசித்திருப்பீர்கள். கிறிஸ்துமஸ் வாரம். ஆஷ்லிக்குப் பதிலாகச் செல்வமணி 714-ஐ வாங்கிக்கொண்டு இறங்கியிருந்தால்? அப்படியென்றால் கீழே இருப்பவர் செல்வமணி. செத்தவர் என்று தன் பெயரைச் சொல்லக் கேட்டுவிட்டு, திரும்பி வர முகமில்லாமல் ஊரைவிட்டுப் போனவர் ஆஷ்லி.

ஒருத்தியின் வீட்டுக்காரர் கீழே இருக்கிறார். இன்னொருத்தியின் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனார். எது யாருடையது? முப்பத்தேழு வருஷமாக இந்தக் கேள்விக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து மாவு உருட்டுகிறார்கள். ஒருத்தியும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

(அந்த வருஷம் ஆஷ்லிக்கும் செல்வமணிக்கும் பேச்சு கிடையாது, புட்பால் மேட்சில் சண்டை, அதனால் ஷிப்ட் மாற்றியிருக்கவே மாட்டார்கள் என்று ஃப்ளோரா ஒருமுறை சொன்னாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.)

4

சௌந்தரராஜன் என்கிற பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கதைக்கு வேண்டிய நேரத்தில், வேண்டிய விஷயத்தைத் தெரிந்துகொண்டு வந்து நிற்கிற ஆளை எழுதுகிறவள் சந்தேகப்பட வேண்டும். எண்பத்து மூன்று வயது. அன்று அந்த ஜன்னலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்த கிளார்க். இரண்டு வரைவுகளில் அவரை நீக்கிப் பார்த்தேன். நாற்காலி காலியானது. தட்டில் ஆப்பம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் வந்தார். குரங்குக் குல்லாய், இரண்டு ஸ்வெட்டர். டீ கொண்டுபோன லதாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க செல்வமணி வீட்டம்மாதானே?"

அந்த வாக்கியத்தில் ‘ஓடிப்போன’ என்ற வார்த்தை இல்லை. அது இல்லாமல் அந்தக் கேள்வி லதாவின் காதில் விழுந்ததே இல்லை.

"ஆமா சார்."

"நான் நம்பரை மட்டும்தான் பாப்பேன்னு எல்லாரும் நெனச்சுக்கினு இருந்தாங்க. மூஞ்சியப் பாக்க மாட்டேன், நெஜம்தான். கையப் பாப்பேன். ஜன்னல் ஓட்டைக்குள்ள வர்றது கை மட்டும்தானேம்மா. முப்பது வருஷம் கையையே பாத்தவன்."

"அன்னிக்கு வந்த கை..."

"ரெண்டு பேரையும் ஒண்ணா வெச்சுத்தான் சொல்லுவேன். இருபத்தி நாலு காலைல, டிபன் சாப்பிடறப்ப. அதுக்குத்தான் வந்தது."

"இத்தினி வருஷம் ஏன் சார் வாயத் தொறக்கல?"

"ஆமான்னு சொன்னாலும் இல்லன்னு சொன்னாலும் மாத்து ஆளு வழக்கத்தைப் பேசணும். பேசியிருந்தா நூறு பேருக்கு வேலை போயிருக்கும். அப்புறம் மைனையே மூடிட்டாங்க. அப்புறம்... பேசாம இருக்கிறது பழகிப்போச்சு."

பெயரை மாற்றினால் எழுத எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இந்த வரியிலிருந்து லதாவை எடுத்துவிடுகிறேன். அவர் கேட்டது என்னைத்தான். செல்வமணி என் வீட்டுக்காரர்.

(நாற்பது கதைகளுக்கு மேல் எழுதியிருக்கிறேன். கேஜ் ஓட்டுகிறவர் பேசியிருக்கிறார், போஸ்ட்மேன் பேசியிருக்கிறார், ஒரு கதையில் கோழிகூடப் பேசியது. எந்தக் கதையிலும் யாருடைய வீட்டுக்காரரும் வாய் திறந்ததில்லை. அந்தக் குரல் எனக்கு வந்ததே இல்லை. வராத குரலை எழுதுகிறவள் அல்ல நான்.)

5

இருபத்து மூன்றாம் தேதி காலை. ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து வந்திருந்த ஐந்து பேர் குடும்பத்தின் பெரிய அம்மாள் ஒரு பாட்டிலோடு சமையலறைக்கு வந்தார். இருமல் மருந்து.

"ஃப்ளோரா, இது அந்தப் பாவப்பட்ட மனுஷனுக்கு. விடிகாலைல பின்பக்கத்துப் பாத்ரூம்ல இருமிக்கிட்டே இருக்காரு. மைன்ல இருந்தவரா? எங்க டாடியும் அப்படித்தான் இருமுவாரு."

"தாங்க்ஸ் ஆன்ட்டி, குடுத்துடறேன்," என்றாள் ஃப்ளோரா, கண்ணிமைக்காமல்.

அவர் போனதும் கேட்டேன்.

"சௌந்தரராஜன் இருமறாரா?"

"அவரு ரூம் முன்பக்கம்."

"எத்தினி நாளா?"

"ஆணி அடிச்ச நாள்லருந்து." பாட்டிலை அலமாரியில், ஏழாவது தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "காலியா ஒரு ஆணி வெச்சா, கீழே ஒருத்தரு இருக்காருன்னு அர்த்தம். நான்தானேக்கா வெச்சேன். சும்மா, ஒரு நெனப்புக்கு. வருவாருன்னா வெச்சேன்?"

"தட்டு?"

"காலைல வெச்சுட்டுத் திரும்பினா காலியா இருக்கும். கழுவி வெச்சுடுவேன். இதுல இன்னா கேள்வி? வீட்டுக்கு வந்தவங்களுக்குப் போடறதுதானே என் வேலை."

கேக் மாவைத் தகர டப்பாக்களில் ஊற்றிக்கொண்டிருந்தோம். ஆண்டர்சன்பேட்டை பேக்கரி அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். ரம்மில் ஊறின திராட்சையின் வாசனை அறை முழுக்க.

"அக்கா, அந்தப் பெரியவரு நாளைக்குச் சொல்லப் போறாரு."

"தெரியும்."

"அவரு எந்தப் பேரைச் சொன்னாலும், நம்ம ரெண்டு பேருல ஒருத்தி நாளன்னிக்கு இந்த அடுப்புகிட்ட நிக்க மாட்டா."

"அப்படி இன்னா..."

"நீயா இருந்தா நிப்பியா?"

அடுத்த டப்பாவில் மாவை ஊற்றினேன். இந்த இடத்தில் ஒரு பதில் எழுதிப் பார்த்தேன்: "நிப்பேன், ஏன்னா நீ எனக்கு" என்று. அது என் குரலில் வரவில்லை. விட்டுவிட்டேன்.

6

இருபத்து நான்காம் தேதி காலை ஏழரை மணிக்கு ஆட்டோவில் போய் இறங்கினேன். பெர்த் குடும்பம் கல்லறைத் தோட்டத்துக்குப் பூ வைக்கப் போயிருந்தது; ஒன்பது மணிக்கு வந்து சாப்பிடுவார்கள். ஃப்ளோரா ஆப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"பலகையப் பாருக்கா."

ஐந்து ஆணிகள் காலி. ஆறாவதில் சௌந்தரராஜனின் வில்லை. ஏழாவதில் ஒரு டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. பஜாரில் செய்த புதுப் பித்தளை இல்லை. ஓரம் தேய்ந்து கறுத்தது. 714. அதிலிருந்து தண்ணீர் சொட்டி, சுவரில் சாம்பல் நிறக் கோடு இறங்கியிருந்தது.

தொட்டேன். சூடு. அவ்வளவு ஆழத்தில் பாறை கொதிக்கும். மேலே வந்த ஆளின் டோக்கன் கொஞ்ச நேரம் சுடும் என்று செல்வமணி சொல்லியிருக்கிறார். ஆஷ்லியும் சொல்லியிருப்பார்.

"நீ மாட்டினியா?"

"என்கிட்ட ஏதுக்கா?"

"அவரு கொண்டாந்தாரா?"

"நான் எப்படிம்மா கொண்டாருவேன்?" சௌந்தரராஜன் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "அது மேல வரவே இல்ல. வரலைன்னு புக்குல எழுதினதே நான்தான்."

மேசையில் ஏழு தட்டுகள். சௌந்தரராஜன் ஒன்றின் முன்னால் உட்கார்ந்தார். ஆப்பம் வைத்து, தேங்காய்ப்பாலை ஊற்றினாள் ஃப்ளோரா.

"மொதல்ல சாப்பிடுங்க சார்."

"சாப்ட்டா சொல்ல மாட்டேன்மா. என்னை எனக்குத் தெரியும்." கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. அன்னிக்கு ஜன்னல்ல கைய விட்டு 714-ஐ வாங்கினது"

கொல்லைக் கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள். இரண்டு தடவை. தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு:

"அப்ப எனுக்கு?"

கதவு பாதி திறந்திருந்தது. நானும் ஃப்ளோராவும் நின்ற பக்கம் கதவு மறைத்தது. சௌந்தரராஜனுக்கு மட்டும் வெளியே தெரியும். அவர் கண்ணைத் திறந்து அந்தப் பக்கம் பார்த்தார். பயப்படவில்லை. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் வரிசையை நகர்த்துகிற குரலில் சொன்னார்:

"கையக் காட்டுப்பா."

வெளியே ஏதோ அசைந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

"சரி," என்றார். "அவ்ளோதாம்மா. இனிமே நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல." ஆப்பத்தைப் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

நான் கதவுப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தேன். ஃப்ளோரா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்களில் மாவு காய்ந்திருந்தது.

"போவாதக்கா. பாத்துட்டா அப்புறம் ஒருத்திக்குத்தான் அவரு."

"பின்னே?"

"நீ குரலைப் புடிக்கிறவ. உனுக்குத் தெரியும். நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன். யாரு?"

7

இங்கேதான் கதை எட்டு மாதமாக நிற்கிறது. முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. நான் "செல்வமணி" என்கிறேன். முப்பத்தேழு வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் எல்லாரும் பொய்யர்கள் ஆகிறார்கள். நண்பனுக்குப் பண்டிகை நாள் கிடைக்கட்டும் என்று இறங்கியவரின் மனைவி நான். ஃப்ளோரா அடுப்பை அணைக்கிறாள். சாயங்காலம் பெங்களூரிலிருந்து வருகிற மகளிடம், உன் அப்பா எங்கேயோ உயிரோடு இருந்தார், ஒருமுறைகூட உன்னைப் பார்க்க வரவில்லை என்று

இல்லை.

இன்னொன்று. நான் "ஆஷ்லி" என்கிறேன். ஃப்ளோராவின் கை தளர்கிறது, அழுகிறாள், சிரிக்கிறாள். யாரும் எதையும் இழக்கவில்லை. நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகிறேன், வந்தபோது யாராக இருந்தேனோ அவளாகவே. அழகான முடிவு. இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைப் பெரிய மனுஷி என்பீர்கள். ஆனால் கீழே இருப்பவர் செல்வமணி என்றால், அவரை இரண்டாவது தடவை சுவர் வைத்து அடைத்தவள் நான்.

(புத்திசாலி வாசகருக்கு ஒரு முடிவு: வந்தது பால்காரர் மஞ்சுநாத். அதையும் எழுத உட்கார்ந்தேன். மஞ்சுநாத் ஏழு மணிக்கே வந்து போய்விட்டார்; பால் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்தது. தவிர, அவர் கன்னடத்தில்தான் கேட்பார்.)

குரல் யாருடையது என்று எனக்குத் தெரிந்ததா என்கிறீர்களா? தெரிந்தது. ஒரு வாக்கியம் போதும் எனக்கு. அதை நான் சொன்னேனா, வேறு ஒன்றைச் சொன்னேனா என்பது தனிக் கேள்வி.

8

ஃப்ளோராவின் காதில் ஒரு பெயரைச் சொன்னேன். அவள் என் மணிக்கட்டை விட்டாள். சட்டியிலிருந்து ஓரம் முறுகின ஆப்பம் ஒன்றை எடுத்து ஏழாவது தட்டில் வைத்தாள், பால் ஊற்றினாள், நாலு கல்கலாவும் வைத்தாள், இருமல் மருந்துப் பாட்டிலைப் பக்கத்தில் நகர்த்தினாள். நாங்கள் இருவரும் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டோம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

இதை வைத்துப் பெயரைக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். நான் எதைச் சொல்லியிருந்தாலும் ஃப்ளோரா ஆப்பம் போட்டிருப்பாள். கதவுக்கு வந்தவர் பசியோடு போகிற வீடு இல்லை அது.

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். சௌந்தரராஜன் யாரிடமோ மெதுவாக, "பால் சூடா கீது, பாத்து," என்றார்.

ஒன்பது மணிக்குப் பெர்த் குடும்பம் வந்து ஐந்து வில்லைகளையும் கலகலவென்று மாட்டியது. தட்டு காலி. ஏழாவது ஆணியும் காலி. சுவரில் சாம்பல் கோடு மட்டும். ஃப்ளோரா அதை ஈரத்துணியால் துடைத்தாள். ஆணியைப் பிடுங்கவில்லை. "ஜனவரியிலயும் வாக்கா," என்றாள், என்னைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் சொன்ன பெயரை அவள் நம்பினாளா, தெரியாது. அதை எழுதியும் வைத்திருந்தேன், இந்த இடத்தில்:

"_______________."

இப்போது அழித்துவிட்டேன். இடம் இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்து மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவர் நீங்கள். ஒரு பெயரை எழுதுங்கள். பென்சிலால் எழுதினாலும் சரி, பேனாவால் எழுதினாலும் சரி.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதுகிற எல்லாவற்றையும் ஃப்ளோரா படிப்பாள். நீங்கள் எழுதி முடித்ததும் இந்தத் தாளை வாங்கி அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன்.